கூடப் போகிறவர் யார்?



கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் கல்யாணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெண்ணுக்கு என்ன புடவை, பந்தியில் என்ன பாயசம், சம்பந்தி வீட்டார் முகத்தை எத்தனை முறை சுளித்தார்கள் என்றெல்லாம் எழுதினால் நீங்களும் ஆவலாகப் படிப்பீர்கள். இந்த முறை அதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. கல்யாண வீட்டுத் திண்ணையில் பார்த்த ஒரு ஜோடிப் பிஞ்சுக் கால்கள்தான் இன்னும் கண்முன் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் சமையலுக்குத் துணையாக இருக்கும் அம்மாளை நாங்கள் ‘கன்னிவாடி அக்கா’ என்றே கூப்பிடுவோம். மதுரைக்கு வந்து பத்து வருஷமாகியும் அவருக்கு ஊர் நினைப்புத்தான். சொந்தத்தில் ஒரு கல்யாணம், கட்டாயம் வர வேண்டும் என்று போன ஆவணியில் பிடிவாதமாக அழைத்துப் போனார். திண்டுக்கல்லில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். கன்னிவாடி பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். பழைய பாளையப்பட்டு. அங்கேயிருந்து தருமத்துப்பட்டி வழியாக ஏறினால் ஆடலூர், பன்றிமலை என்று காப்பியும் மலை வாழையும் விளைகிற கிராமங்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் மலை நீல நிறத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது. நம்மைப்போல ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சி. நடக்க முடியாத ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கிருந்து இறங்கி வருகிறவளுக்கு அந்த மலை எப்படித் தெரியும் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

திண்ணையில் ஓர் இளந்தாய் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்து இரண்டு மாதம். புழுக்கம் தாங்கவில்லை, விசிறியை வைத்து விசிறிக்கொண்டிருந்த நானே மூச்சுத் திணறிக் கொண்டிருந்தேன். குழந்தைக்கோ இடுப்பிலிருந்து பாதம் வரை துணி சுற்றியிருந்தது. “ஏம்மா, பிள்ளைக்கு வேர்க்கிறதே, துணியை எடுத்துவிடக் கூடாதா?” என்று நானே கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த அப்பத்தா சட்டென்று என் கையைத் தடுத்துவிட்டார். பிறகுதான் கன்னிவாடி அக்கா மெல்லத் துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்துக் கொண்டிருந்தன.

“கிரகணத்தன்னிக்கு வெளியில வராதேன்னு சொன்னேன்மா. சொன்னாக் கேட்டாத்தானே?” என்றார் அப்பத்தா.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை பெற்ற இரண்டு மாதத்தில் இந்த வார்த்தையை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாளோ!

சகோதரிகளே, முதலில் இந்தக் கிரகணக் கதையை முடித்துவிடுகிறேன். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்றிரண்டுக்கு இப்படிப் பாதம் வளைந்திருப்பது உலகம் முழுவதும் உண்டு. கிரகணத்தைப் பற்றிக் கேள்விப்படாத தேசத்திலும் உண்டு, பங்களாவில் பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகம். தாய் செய்த குற்றம் இதில் ஒன்றுமில்லை. அந்த அப்பத்தாவிடம் இதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் குழந்தையின் காலைத் தொட்டுத் தடவிவிட்டு உள்ளே போனார்.

“பிறந்தன்னிக்கே நர்சம்மா சொன்னாங்கம்மா. சீட்டும் எழுதிக் குடுத்தாங்க” என்றாள் அந்தப் பெண். சீட்டு எங்கே என்று கேட்டேன். உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். நாலாக மடித்து, பத்திரமாக, மஞ்சள் கறை பட்டு இருந்தது.

“பின்னே ஏன் போகவில்லை?”

“போனோம்மா, ஒரு நா. பஸ்ஸு மாறிப் போயிச் சேர்றதுக்குள்ள பதினோரு மணி ஆயிருச்சு. ஒருத்தரு இந்தப் பக்கம் போன்னாரு, இன்னொருத்தரு அந்தக் கட்டடம்னாரு. அங்க போனா நாளைக்கு வான்னுட்டாங்க. பிள்ளை அழுதுச்சு. இவரு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குறாரு, ஒரு நாக் கூலி போச்சு. மறுபடி போகலாம்னா, அங்க போயி யாரைக் கேக்குறதுன்னே தெரியலைம்மா.”

யாரைக் கேட்பது என்று தெரியவில்லை! அவளுக்கு வைத்தியத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பணம் ஒரு கஷ்டம்தான், ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கேட்பதில்லை. சீட்டுகூடக் கையில் இருக்கிறது. சீட்டுக்கும் டாக்டருக்கும் நடுவே கூட நடந்து வர ஓர் ஆள் இல்லை. அதனால் அந்தச் சீட்டு காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது.

எனக்கு உடனே ஒரு பழைய ஞாபகம் வந்து குத்தியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ஒரு பூக்காரி இருந்தாள். அவள் பையனுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. கையில் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்தே வருவான். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்குச் சட்டை கொடுப்பேன், பட்சணம் கொடுப்பேன், நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குள் வந்துவிடுவேன். காலுக்கு இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் பூட்டினால் கோலை ஊன்றி நிமிர்ந்து நிற்கலாம், அதை எங்கள் ஊரிலேயே செய்து தருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு காலை நேரத்தைச் செலவழித்து அவனை அழைத்துப் போகத் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பூக்காரி குடும்பத்தோடு வேறெங்கோ போய்விட்டாள். இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில். 2014இல் இந்தப் பிராந்தியத்திலேயே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்த ரப்பர்ச் செருப்புகள்தான் நினைவுக்கு வந்தன.

இனி வேலூருக்கு வாருங்கள். ஊனமுற்றவர்களுக்கு வைத்தியம் என்பது வேறு, மறுவாழ்வு என்பது வேறு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தால்தான் பிரயோசனம் என்று நம் தேசத்துக்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. அவரைப் பற்றி நம் பெண்களுக்கு இன்னும் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, பெண்களுக்கான வைத்தியத்தில் தேர்ச்சி பெற ஆசைப்பட்டார். 1954 ஜனவரியில் தோழர் தோழிகளோடு உல்லாசமாகப் புறப்பட்ட வண்டி கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 30கூட ஆகவில்லை. படுத்த படுக்கையாக இருந்தவரிடம், குஷ்டநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்துவதில் பெயர் பெற்றிருந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே, கால் எதற்கு என்பதுதான் அந்த யோசனை! மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பயிற்சி, அதற்கப்புறம் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய பிரபல ஸ்தாபனத்தில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. ஊர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அந்த மாதிரி நிலையம் இந்தியாவில் அதுதான் முதல். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் காலமானார்.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. முதுகெலும்பில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் சாவதைவிட, வீட்டுக்குப் போன பிறகு சாவது நம் நாட்டில் சகஜமாக இருந்தது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்தவர், லாரி மோதியவர் என்று எத்தனையோ பேர். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிக் கட்டிலோடு அனுப்பிவிடுவார்கள். உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். சிறுநீர் சரியாகப் போகாவிட்டால் சிறுநீரகம் கெடும். இரண்டும் சத்தமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். இரண்டையும் தடுக்கப் பெரிய மருந்து வேண்டியதில்லை. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரை எப்போது, எப்படி வெளியேற்றுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நோயாளிக்கும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்து அனுப்புவதுதான் மறுவாழ்வு நிலையத்தின் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் என்றால் யார்? மனைவி, தாய், அக்காள், மருமகள். நான் புருஷர்களைக் குறை சொல்லவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து தெற்கே தென்காசிப் பக்கம் போனால் ஆய்க்குடி என்ற கிராமம். (பழனிக்குப் பக்கத்தில் கொய்யாப் பழத்துக்குப் பேர்போன ஆயக்குடி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அந்த ஊர்ப்பிள்ளை எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1975இல் பெங்களூரில் நடந்த தேர்வின்போது விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியமும் தைரியமும் சேர்த்துக் கொடுத்தவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் என்ற டாக்டர். ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981இல் அந்த டாக்டரின் பெயராலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய வருஷம் அது. தசைகள் நாளாவட்டத்தில் வலுவிழந்துகொண்டே போகும் நோயுள்ள சங்கர ராமன் என்ற ஆடிட்டர் 1992இல் வந்து சேர்ந்துகொண்டார். ஒருவர் கழுத்துக்குக் கீழே அசைய முடியாதவர், இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடம், சிகிச்சைக்கூடம், முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு என்று ஒரு பெரிய நிலையத்தையே உண்டாக்கினார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ஆனால் ஆய்க்குடியில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டடங்கள் அல்ல. நிலையத்துக்கு வர முடியாத பிள்ளைகளைத் தேடி, பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போகிறார்கள். அநேகமாக அந்தந்த வட்டாரத்துப் பெண்கள். தலை நிற்காத குழந்தையைத் தாயின் மடியில் எப்படி உட்கார வைப்பது, விறைத்துக்கொள்ளும் காலை எப்படிப் பிரித்துவிடுவது என்று தாய்க்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். பார்த்ததைக் கையிலிருக்கும் செல்போன் கருவியில் குறித்து வைத்தால், நிலையத்திலிருக்கிற நிபுணர் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார். டாக்டரையும் திண்ணையையும் ஒரு பெண் இணைக்கிறாள். உலக சுகாதார ஸ்தாபனம் 1970களின் கடைசியிலிருந்து ‘சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவது இதைத்தான். பெயர் பெரிதாக இருந்தாலும் காரியம் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, அரசாங்கம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. 2016இல் வந்த சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஒப்புக்கொண்டிருக்கிறது. முன்னே இருந்த 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் இத்தனை இல்லை. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட குழந்தைகளை அனுப்புவதற்கென்றே மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2022இல் உலக வங்கி கடனுதவிக்குச் சம்மதித்த ‘உரிமைகள்’ திட்டத்தில், எல்லா சிகிச்சையும் ஓரிடத்தில் கிடைக்கும்படி ‘விழுதுகள்’ என்ற பெயரில் மையங்கள் திறக்கத் தொடங்கினார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். ஆலமரத்தைத் தாங்குவது விழுதுதானே! திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். முன்போல எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

இவ்வளவிலும் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது ஒரு பஸ் டிக்கெட் சமாசாரம். 2021இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது உங்களுக்குத் தெரியும். அதே வருஷம், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருகிற ஒருவருக்கும் இலவசம் என்று உத்தரவு போட்டார்கள். துணைக்கு வருகிற ஒருவர்! கூட ஓர் ஆள் வந்தால்தான் காரியம் நடக்கும் என்பதை சர்க்கார் ஒரு டிக்கெட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த ஒருவர் யார் என்பதை மட்டும் எந்த உத்தரவும் சொல்ல முடியாது.

கன்னிவாடிக்குத் திரும்பி வருகிறேன். அந்த ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் இருக்கிறார். ஊரே அவரை ‘ஆயாம்மா’ என்கிறது. பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே ரசம் சாதம் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, “செவ்வாக்கெழமை காலையில அஞ்சே முக்கா பஸ்ஸு. நான் கூட வர்றேன்தா. பிள்ளைக்கு ரெண்டு துணி எடுத்து வச்சுக்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவ்வளவுதான். என்னுடைய உபதேசமெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தூசி!

வளைந்த பாதத்துக்கு இப்போது செய்யும் வைத்தியத்தை உண்டாக்கியவர் டாக்டர் பொன்செட்டி. ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, அங்கே உள்நாட்டு யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்து, பிறகு அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தவர். 1940களின் கடைசியில், குழந்தையின் காலைக் கத்தியால் கீறி நிமிர்த்துவதைவிட, கையால் மெல்ல மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே வந்தால் போதும் என்று கண்டுபிடித்தார். 1963இல் எழுதியும் காட்டினார். மற்ற டாக்டர்கள் ரொம்ப காலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் யார் அதைப் பரப்பினார்கள் தெரியுமா? தாய் தகப்பன்மார்கள்! 1990களில் இன்டர்நெட் வந்ததும், ‘என் பிள்ளைக்கு ஆபரேஷன் இல்லாமலே கால் சரியாயிற்று’ என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். பெற்றவர்கள் வந்து கேட்கக் கேட்க, டாக்டர்களும் கற்றுக்கொண்டார்கள்.

வாரத்துக்கு ஒரு கட்டு, சுமார் ஐந்து அல்லது ஆறு வாரம். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல், மூன்று வாரத்துக்கு ஒரு கடைசிக் கட்டு. அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை. இரண்டு சின்ன பூட்ஸுக்கு நடுவில் ஒரு பட்டைக் கம்பி வைத்த சாதனம் தருவார்கள். மூன்று மாதம், நாளில் 23 மணி நேரம் போட வேண்டும். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது போட வேண்டும். விட்டால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும். பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்தால் மிகவும் நல்லது. கன்னிவாடிக் குழந்தைக்கு இரண்டு மாதம் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது. ஆனாலும் கால தாமதம் ஆகிவிடவில்லை என்றார் டாக்டர்.

ஆயாம்மா நாலு செவ்வாய்க்கிழமை கூடப் போனார். ஐந்தாவது வாரம் அந்தப் பெண் வரவில்லை. கட்டு நனைந்துவிட்டதாம், திட்டுவார்களோ என்று பயமாம். போதாக்குறைக்கு, ‘பிள்ளை காலை மாவுல பொதைச்சு வச்சிருக்கீங்க’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் வைத்தியம் பாதியில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். சண்டை கிண்டை ஒன்றுமில்லாமல், ஒரு வாரம் தவறும், அடுத்த வாரம் கூச்சம் வரும், மூன்றாவது வாரம் மறந்துவிடும். ஆயாம்மா அன்று சாயந்திரமே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கோபிக்கவில்லை. “நனைஞ்சா வேற போடுவாங்கத்தா, அதுக்குத்தானே சம்பளம் வாங்குறாங்க” என்றாராம். மறுநாளே கூட்டிப் போய்விட்டார்.

சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் பேரன் பேத்திகள் வளர்கிறார்கள், வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகள் உங்கள் கண்ணில் படுகின்றன. நாலு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, எப்போதும் கட்டை விரலை மடக்கி முஷ்டியாகவே வைத்திருக்கும் குழந்தை, ஒன்பது மாதத்தில் உட்காராத குழந்தை, ஒன்றரை வயதிலும் நடக்காத குழந்தை, பாத்திரம் விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காத குழந்தை, இவற்றைப் பார்த்தால் ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்’ என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லலாம், சொல்லிக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள். காது கேளாத குழந்தைக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். ஆனால் அது ஆறு வயதுக்குள். பேச்சு வருவதற்கு அதைவிடச் சீக்கிரம் செய்வதே நல்லது. ஐந்தரை வயதில் வந்து நிற்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

அழைத்துப் போவது எப்படி என்று கேட்கிறீர்களா? எனக்கு ஆயாம்மா கற்றுக் கொடுத்ததைச் சொல்கிறேன். முதல் தரம் போகும்போது கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், முன்னே கொடுத்த சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் ஓர் ஆணியில் மாட்டிவிட வேண்டும், காலண்டருக்குப் பின்னால் அல்ல. டாக்டர் சொன்னதை வெளியே வந்ததும் தாயைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்பதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரிக்கலாம், ஆனால் அட்டை வாங்கிவிட்டதோடு வைத்தியத்தை நிறுத்திவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், டாக்டர் பேசும்போது நாம் முந்திரிக்கொட்டையாகப் பதில் சொல்லக் கூடாது. ‘நான் கூட வந்தவ, அவகிட்டேயே கேளுங்க’ என்று ஆயாம்மா சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாராம். எனக்கு அந்தப் பொறுமை வர இன்னும் நாளாகும்.

2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஊனமுற்றவர்கள் என்று எழுதிக்கொண்டவர்கள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். துணி சுற்றி மறைத்தவர்களை அந்தக் கணக்கில் எப்படி எழுதியிருப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை கன்னிவாடி அக்கா ஊருக்குப் போன் போட்டு, என்னிடமும் கொடுத்தார். குழந்தைக்கு இப்போது கம்பி வைத்த பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு ராத்திரி ஓயாமல் அழுததாம். மூன்றாம் நாள் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிக் கட்டிலில் ‘டப் டப்’ என்று தட்ட ஆரம்பித்துவிட்டதாம். அந்தச் சத்தம் போனிலேயே எனக்குக் கேட்டது. அப்பத்தாதான் பாவம், பிள்ளைக்கு வலிக்குமே என்று ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கழற்றிவிடுகிறாராம். “என்னம்மா செய்யிறது? நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாக” என்று அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பத்தாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப் போவதாக ஆயாம்மா சொல்லியிருக்கிறார். டாக்டர் வாயால் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வருமாம். நானும் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டேன். அஞ்சே முக்கா பஸ் திண்டுக்கல்லுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.